மோனோவில் யார் கேட்பார்கள்

ஜூன் 3, செவ்வாய்

பேட்டரி கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, உறை பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. பெர்னா அக்கா அதை எடுத்து என் மேஜையில் போட்டார். "எழுதேன் சுகந்தி. வாயத்தான் தெறக்க மாட்டேங்கிற, பேனாவையாவது தெற."

அதனால் ஜூனில் தொடங்குகிறேன். முன்னால் இருக்கிற மாதங்களெல்லாம் வெறுமையாக இருக்கின்றன. அந்த மாதங்களிலும் எனக்கு நல்லது நடந்தது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன். ஜனவரியில் அக்காவின் இந்த ஸ்டுடியோவில் சேர்ந்தேன்.

என்ன வேலை என்று ஒரு முறை ஒழுங்காக எழுதிப் பார்க்க ஆசை. வீட்டில் விளக்க முடியவில்லை. பாடி, பதிவு செய்து, கருவிகளையெல்லாம் ஒன்றாகக் கலந்து முடித்த பாட்டு எங்களிடம் வரும். அதை இசைத்தட்டில் வெட்டுவதற்கு ஏற்றபடி நாங்கள் தயார் செய்து, வெளிநாட்டு ஆலைக்கு அனுப்புவோம். ஊசி ஓடுகிற பள்ளம் எதையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. ச, ஸ என்று சீறுகிற எழுத்துகளைக் கொஞ்சம் அடக்க வேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் இடம் தாராளம், உள்ளே போகப் போக நெருக்கடி. அதனால் உரத்த பாட்டை முதலிலும் சாதுவான பாட்டைக் கடைசியிலும் வைப்பது நல்லது. இதையெல்லாம் பெர்னா அக்கா செய்கிறார். எனக்குக் கடைசி வேலை. முழுவதையும் ஹெட்போனில் கேட்டு, எங்காவது ஒரு சொடுக்கு, ஒரு வெட்டு, ஒரு இரைச்சல் இருந்தால் குறித்துக் கொடுக்க வேண்டும்.

அப்பா ஆத்தூரில் ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். பெண் ரேடியோ ஸ்டேஷனில் இருக்கிறாள் என்று மில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை.

ஜூன் 5, வியாழன்

அம்மா போன் செய்தார். சாப்பாடு, மழை, தம்பி, எல்லாம் முடிந்த பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீசுல யாருக்கும் தெரியாதில்ல?" என்றார்.

"தெரியாதும்மா."

"ஆறு மாசம் முடிஞ்சு பர்மனன்ட் பண்ணட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

நிரந்தரம் பற்றி ஆகஸ்டில் பேசலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் வரட்டும்.

இதற்கு முன்னால் ஒரு டப்பிங் கம்பெனியில் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறினேன். அடுத்து மெடிக்கல் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து, கண்ணாடி அறை ஒன்றைக் காட்டினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் பஸ் ஏறிவிட்டேன். பெர்னா அக்கா மெடிக்கல் கேட்கவில்லை. ஒரு பாட்டைப் போட்டு, "இதுல என்ன தப்புன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அன்றைக்கே சேரச் சொன்னார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

தூசி. எவ்வளவு துடைத்தாலும் தட்டு சுற்றுகிற மேடையில் மாலைக்குள் மறுபடி தூசி. கீழே அலுமினியக் கதவு செய்கிறவர்கள் அறுக்கிற துகள் மாடி ஏறி வருகிறது.

இன்று புது வேலை வந்தது. முபாரக் சார் திருவல்லிக்கேணிக்காரர். சொந்தமாக இசைத்தட்டு வெளியிடுகிறார். தேனிப் பக்கத்து உறுமி மேளக் குழு ஒன்றை அவர்கள் ஊருக்கே போய்ப் பதிவு செய்திருக்கிறார். குழுத் தலைவர் வீரணனும் கூட வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஏ.சி. குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உறுமியக் கொண்டாந்திருக்கலாமே, பாத்திருப்போம்" என்றார் அக்கா.

"அதுக்குத் தனியா ஒரு சீட்டுப் போடணும்னான் கண்டக்டரு. வீட்டம்மாவுக்கே சீட்டுப் போடல, அவளக் கூட்டியாரல, இதுக்குப் போட்டா வீட்டுக்குள்ள விடுவாளா?"

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பது. மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பது. அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் எழும். மாடு அடித்தொண்டையில் கூப்பிடுவது போலத் தொடங்கி மேலே ஏறும். பதிவுக்காரர் முகத்துக்கு ஒன்றாக இரண்டு மைக் வைத்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் பிரித்துக் கலந்திருக்கிறார். அறையின் நடுவில் உட்கார்ந்து கேட்டால் உறுமிக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று முபாரக் சார் சொன்னார். "வயித்துக்குள்ள எறங்குது பெர்னா!"

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். கையில் முடி சிலிர்த்திருந்தது, பார்த்தேன்.

நான் எப்போதும் உட்காருகிற வலது ஓரத்து நாற்காலியில் இருந்தேன். அங்கே இருந்தால் வலதில் கருவிகள் அடுக்கிய ரேக் மட்டும்தான், உட்காருகிறவர்கள் எல்லோரும் என் இடது பக்கம் இருப்பார்கள்.

ஜூன் 11, புதன்

ஹெட்போன் பெட்டியில் மோனோ பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகி இரண்டு பக்கமும் வரும். நான் எதைக் கேட்டாலும் முதலில் அதை அமுக்கிவிடுவேன். அக்கா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல பழக்கம். பழைய ஆளுங்கதான் இப்படிச் செய்வாங்க" என்றார். நான் தலையாட்டினேன். பாராட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இன்று உறுமி மேளம் முழுக்கக் கேட்டேன். அடி கேட்கிறது. பெண்கள் குலவை இடுவது கேட்கிறது. தூரத்தில் நாய் ஒன்று குரைப்பதும் கேட்கிறது. வயிற்றுக்குள் இறங்குகிற அந்த உறுமலை மட்டும் காணோம்.

மத்தியானம் அக்கா வங்கிக்குப் போனபோது பொத்தானை விடுவித்துக் கேட்டேன். இருந்தது. ஹெட்போனைத் திருப்பி மாட்டி மறு பக்கத்தையும் கேட்டேன். அங்கேயும் இருந்தது. தனித்தனியாக இரண்டிலும் இருக்கிறது. சேர்த்தால் இல்லை.

காரணம் புரிந்தது. கல்லூரியில் படித்ததுதான். உறுமியின் ஒரு முகம் உள்ளே போகும்போது காற்று தள்ளி மறு முகம் வெளியே புடைக்கும். ஒரு மைக்குக்கு இழுப்பு, ஒரு மைக்குக்குத் தள்ளல். கூட்டினால் பூஜ்யம்.

ஜூன் 12, வியாழன்

சொன்னேன். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, டீ வந்த நேரத்தில் சொன்னேன். "அக்கா, மோனோவுல கேட்டா உறுமல் காணாமப் போயிடுது."

அக்கா வேறு ஒரு வேலையின் நடுவில் இருந்தார். திரும்பாமலே, "அப்படித்தான் போகும். ரெண்டு மூஞ்சி, ரெண்டு மைக். அந்த விரிவுதான் முபாரக்குக்குப் புடிச்சிருக்கு. யாரு சுகந்தி இந்தக் காலத்துல மோனோல கேக்கப் போறாங்க?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கோப்புகள் ஆலைக்குப் போய்விட்டன. முதல் மாதிரித் தட்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

சாயங்காலம் அக்கா ஏதோ கேட்டிருக்கிறார். நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. என்ன கேட்டார் என்று தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்கச் சொல்ல எனக்குக் கூச்சம். "சரிக்கா" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அது எதற்கான பதில் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தேன். விடுதியில் மீனாட்சி என்கிற நர்ஸ் என் அறைக்கு மாறி வந்திருக்கிறார். எந்தக் கட்டில் வேண்டும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் சாமானை இறக்கினார். வலது சுவரை ஒட்டியதை எடுத்துக்கொண்டேன். இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு.

தம்பி கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறான். முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் அவனுக்குக் கிடைக்காது, அக்கா நீ அதை எடுத்துக்கொண்டாய் என்று போனில் கிண்டல். அந்தச் சான்றிதழுக்காக அம்மா வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அதை முந்தானையால் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை அதில்.

ஜூலை 28, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

மாதிரித் தட்டு வந்தது. அடுத்த கட்டமாக ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன் கேட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டிய தட்டு இது. முபாரக் சார் வந்தார். சென்னையில் கோயில் விழாவுக்கு வாசிக்க வந்திருந்த வீரணனையும் அழைத்து வந்தார். அக்கா தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார்.

அடி விழுந்தது. சுத்தமாக இருந்தது. குலவை வந்தது. முபாரக் சார் தொடையில் தாளம் போட்டார். வரவர அந்தத் தாளம் மெதுவாகி நின்றது.

வீரணன்தான் முதலில் அக்காவைப் பார்த்துப் பேசினார். "ஏந்தாயி, கொட்டு இருக்கு. தேய்ப்பக் காணமே?"

"வரும் வரும், கேளுங்க" என்றார் முபாரக் சார்.

"எங்கிட்டு வரும்? மூணு நாளு வெயில்ல நின்னு தேச்சிருக்கேன் சார். மணிக்கட்டு வீங்கிப் போச்சு. உறுமலு இல்லாம உறுமி மேளமா? எங்கூர்ல இதப் போட்டா, வீரணன் தகர டப்பாவத் தட்டிட்டு வந்திருக்கான்னு சொல்லுவாங்ய."

அக்கா ஊசியைத் தூக்கி வேறு இடத்தில் இறக்கினார். அங்கேயும் அப்படித்தான்.  ஆலையிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலைத் திறந்து படித்தார். இடது வலது இரண்டிலும் பேஸ் என்கிற கீழ்ச்சத்தம் ஒன்றுக்கொன்று எதிராக இருந்ததால், அப்படியே வெட்டினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும், அதனால் கீழ்ச்சத்தம் முழுவதையும் மோனோவாக்கி வெட்டியிருக்கிறோம் என்று இரண்டு வரி. இசைத்தட்டுக்கு எல்லோரும் செய்கிற காரியம்தான். பொதுவாக அதில் ஒன்றும் தொலையாது. இரண்டு முகத்தோடு இப்படி எதிரும் புதிருமாக மல்லுக்கட்டுகிற கருவி அவர்களிடம் வந்திருக்காது.

"ஆலைக்காரன் கெடுத்துட்டான்" என்றார் முபாரக் சார்.

"இல்ல" என்றேன். என் குரல்தான். "எனக்கு மொதல்லருந்தே இப்படித்தான் கேட்டுச்சு."

 முபாரக் சார் ஏதோ கேட்டார் போல. ரேக் பக்கமிருந்து, என் வலதிலிருந்து. நான் திரும்பவில்லை. வீரணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப இயல்பாக, ஊர் எது என்று விசாரிக்கிற மாதிரி, கேட்டார்.

"எந்தக் காது தாயி?"

நான் காதோரத்து முடியை இழுத்துவிட்டேன்.

"சோத்தாங்கைப் பக்கமா? நீ மூஞ்சியத் திருப்புற தினுசப் பாத்தேன். எனக்கு இங்கிட்டு அவுட்டு." தன் இடது காதைச் சுண்டிக் காட்டினார். "வேட்டுச் சத்தம், மேளச் சத்தம், எல்லாம் சேந்து அடைச்சுப் போச்சு. பொண்டாட்டி வையும்போது இந்தப் பக்கத்தக் காட்டிக்கிருவேன்."

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முபாரக் சார் அக்காவிடம் திரும்பினார். கோபத்தைவிட அவர் குரலில் திகைப்புதான் இருந்தது. "பெர்னா, என் ரெக்கார்ட கேட்டுச் சரி பாத்தது இந்தப் பொண்ணா? ஒரு காதுலயா?"

"அவ சொன்னா" என்றார் அக்கா. "உறுமல் காணாமப் போகுதுன்னு டீ கொண்டு வந்தப்ப வந்து சொன்னா. நான்தான் சிரிச்சிட்டுப் போயிட்டேன்."

"ஆனா..."

"ரெண்டு காது வச்சிருக்கிற நான் கோட்ட விட்டேன் முபாரக். இன்னைக்கு அவ்வளவுதான். நாளைக்குப் பேசலாம்."

அவர்கள் போன பிறகு அக்கா தட்டை உறையில் போட்டார். "நீ கெளம்பு சுகந்தி. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

ஜூலை 29, செவ்வாய்

மீனாட்சி இரவு டியூட்டி முடித்துத் தூங்குகிறார். அறையைப் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன்.

ஜூலை 31, வியாழன்

போனேன். ராஜினாமாவை வெள்ளைத் தாளில் எழுதி பையில் வைத்திருந்தேன். அவராகச் சொல்வதற்கு முன் நானே கொடுத்துவிட்டால் அவருக்குச் சங்கடம் இருக்காது.

அக்கா கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்தார், என் இரண்டு பக்கமும் பார்த்தார், சுற்றி வந்து இடது பக்கம் நின்றுகொண்டார்.

"இந்தப் பக்கம்தானே?"

தலையாட்டினேன்.

"ஏண்டி," என்றார். முதல் முறையாக டி போட்டார். "ஏழு மாசமா நான் அந்த ரேக் கிட்ட நின்னுக்கிட்டு உன்கிட்டப் பேசியிருக்கேன். பாதி நேரம் நீ பதிலே சொல்ல மாட்ட. எவ்வளவு திமிரு இந்தப் பொண்ணுக்குன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட ராத்திரி உக்காந்து பொலம்புவேன், வேலை நல்லாப் பாக்குறா, ஆனா மனுஷிய மதிக்க மாட்டேங்கிறான்னு. என் பொறந்தநாளுக்கு வீட்டுக்குச் சாப்பிட வான்னு கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? வயர் சுத்திக்கிட்டே 'சரிக்கா'ன்ன. வரவே இல்ல. பிரியாணி மிஞ்சிப்போச்சு."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. "எனக்குக் கேக்கலக்கா. நான்... தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துருவீங்கன்னு."

"எடுத்திருப்பேனோ என்னமோ" என்றார் அக்கா.  "பொய் சொல்ல மாட்டேன். ஜனவரியில சொல்லியிருந்தா வேலைக்கே சேத்திருக்க மாட்டேன். மாஸ்டரிங் ரூமுக்கு ஒத்தக் காதான்னு நானும் கேட்டிருப்பேன், முபாரக் மாதிரியே. இப்பக் கேக்க மாட்டேன்."

அவர் அப்படிச் சொன்னதற்காக எவ்வளவு நன்றி என்று என்னால் எழுத முடியவில்லை. சேர்த்திருப்பேன் என்று அன்பாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் அதற்கு அடுத்து சொன்னதை நம்ப முடிந்தது.

"விரிவ நான் கேட்டுடுவேன். அகலமா கேட்டுக் கேட்டு எனக்குச் சொக்கிப் போயிடுது. சேந்தா என்ன மிஞ்சும்னு நீ கேளு. ரெண்டும் வேணும். என்ன?"

"சரிக்கா."

"இது கேட்டுச்சில்ல?"

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன என்ன சொன்னாங்க?"

"டீ குடுத்தாங்க."

அம்மா பழைய கதைக்குப் போனார். "பொன்னுக்கு வீங்கி வந்தப்ப வேப்பெலய அரைச்சுப் பூசிட்டு இருந்துட்டேன். அன்னிக்கே உன்னத் தூக்கிட்டு சேலத்துக்கு ஓடியிருக்கணும்."

ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அந்த நோய் சில பேருக்கு ஒரு காதை எடுத்துவிடும் என்று, யாருக்கோ போலக் கேட்டபோது மீனாட்சி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருடமும் அம்மா அதைத் தன் தப்பு என்று வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லாதே என்று அவர் சொன்னதெல்லாம் என்னைப் பற்றிய வெட்கத்தால் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முபாரக் சார் பதிவுக்காரரிடமிருந்து ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக இருக்கிற மூலக் கோப்புகளை வாங்கி அனுப்பிவிட்டார். போனில் அக்காவிடம் விறைப்பாகப் பேசினாராம். இந்தத் தட்டும் சரியாக வராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்றாராம். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. குழுவில் பதினோரு பேர், ஐப்பசியில் அவர்கள் ஊரில் வெளியீடு என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தேய்க்கிற முகத்து மைக்கின் அலையைத் தலைகீழாக்க வேண்டும். இழுப்பு தள்ளலாகிவிடும், அதற்குப் பிறகு இரண்டு முகமும் ஒரே பக்கம் தள்ளும். ஆனால் அந்த மைக்கில் பக்கத்து மேளமும் குலவையும் கசிந்திருந்தன, அவையும் கூடவே தலைகீழாகின்றன. குலவை ஒரு இடத்தில் மெலிந்து போயிற்று. மைக்குகளுக்கு நடுவே இருந்த நேர வித்தியாசத்தை இழை இழையாகத் தள்ளிப் பார்த்தோம். மத்தியானம் வரை அதிலேயே போயிற்று. இட்லி ஆறிப்போய்க் கல்லாகிவிட்டது.

நாலு மணிக்கு அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உன் பொத்தான அமுக்கு."

ஹெட்போனை மாட்டினேன். அமுக்கினேன்.

அடி விழுந்தது. அதன் அடியிலிருந்து அது எழுந்தது. முதலில் சத்தமாகவே தெரியவில்லை, தாடையில் ஏதோ நகர்கிற மாதிரி இருந்தது. பிறகு கழுத்துக்கு வந்தது, ஏறியது, வளைந்தது, மூச்சை இழுத்து மறுபடி அடியில் போய் உட்கார்ந்தது. வீரணன் மணிக்கட்டு வீங்கத் தேய்த்தது இதுதான். இரண்டு முகமும் சேர்ந்து எனக்குக் கேட்டது. பாதி பாதியாகக் கேட்டு மனதுக்குள் ஒட்டவைக்கிற வேலை இல்லாமல், முழுசாக.

கண்ணைத் திறந்தபோது அக்கா என் இடது பக்கம் குனிந்து, "இருக்கா?" என்றார்.

"இருக்குக்கா."

"அப்ப அழாம குலவை எங்க மெலியுதுன்னு சொல்லு."

குலவை இரண்டு இடத்தில் மெலிந்தது. சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புதுக் கோப்புகள் ஆலைக்குப் போயின. இந்த முறை கடிதத்தில் அக்கா ஒரு வரி சேர்த்தார். கீழ்ச்சத்தம் இங்கேயே சரி செய்யப்பட்டது, மோனோவில் கேட்டுப் பார்த்தவர் சுகந்தி. என்னைப் படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அனுப்பினார். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நிரந்தரம் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. முபாரக் சாரின் தட்டு வந்த பிறகு பேசுவார் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ரேக்கைப் பெர்னா அக்கா என் இடது பக்கத்துக்கு மாற்றச் சொல்லி ஆள் வரவழைத்தார். அது அவருக்கு வசதி இல்லை, இப்போது பிளக் எட்டாமல் குனிய வேண்டியிருக்கிறது. மாற்ற வேண்டாம் என்றேன். "உன்னக் கேக்கல" என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாவது மாதிரித் தட்டு.

வீரணனால் வர முடியவில்லை, வெங்காய அறுவடை. போனை ஸ்பீக்கர் முன்னால் பிடிக்கச் சொன்னார். போனில் கேட்டு என்ன தெரியும் என்றார் முபாரக் சார். "சார், போன்ல ஒத்த ஓட்டைதான? அதுல கேட்டா எல்லாத்துலயும் கேக்கும்" என்றார் வீரணன்.

அக்கா ஊசியை இறக்கினார்.  துள்ளினால் இந்த இடத்தில்தான் துள்ளும் என்று தெரிந்த இடம் வந்தது. ஊசி துள்ளவில்லை. பள்ளத்திலேயே ஆடி ஆடிப் போயிற்று. உறுமல் அறை முழுக்க வந்தது. போனில் அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் குலவை இட்டார்.

"யாருங்க அது?" என்றார் அக்கா.

"வீட்டம்மா. அவளுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். அதான் எனக்குச் சிரமம். தாயி இருக்கா?"

"இருக்கேன்ணே."

"நல்லாருக்கு தாயி. நான் தேச்சது நல்லாருக்கு, நீ தேடுனதும் நல்லாருக்கு."

முபாரக் சார் இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டார். ஒப்புதல் கொடுத்துவிட்டு, செருப்பு மாட்டும்போது அக்காவிடம் சொன்னார், என்னைப் பார்க்காமல். "அடுத்தது ஃபக்கீர்களோட தஃப் கொட்டு. டிசம்பர்ல தரேன். அனுப்புறதுக்கு முந்தி இவங்க ஒரு தடவ கேட்டுடட்டும்." அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று பிறகு அக்கா சொன்னார். எனக்கு இதுவே போதும். இதற்கு மேல் கேட்டால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

மாலை அக்கா நிரந்தர வேலைக்கான தாளைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பையிலிருந்த அந்தப் பழைய வெள்ளைத் தாளைக் குப்பையில் போட மறந்து இன்னும் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

அக்கா ஊரில் இல்லை, அண்ணன் மகள் கல்யாணம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர், ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறாராம். தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுகளைத் தட்டாக்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, பையைத் திறந்துகொண்டே பேசத் தொடங்கினார். உதடு அசைவது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்து ஏதாவது எடுக்கப் போவது போல நடந்து, சுற்றி வந்து, மறு பக்கம் நின்றுகொள்வேன். பல வருடப் பழக்கம், யாருக்கும் தெரியாது. எழுந்தும்விட்டேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

"சார், எனக்கு வலது காது கேக்காது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காந்து பேசுறீங்களா?"

இதை நான் வெளியில் ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் முறை. இந்த டைரியில் எழுதுவதும்.

அவர் பையோடு எழுந்தார். வந்து இடது பக்கம் உட்கார்ந்தார்.

"அதுக்கென்ன மக்களே" என்றார். "இந்த ஏ.சி.யக் கொஞ்சம் கொறைக்க முடியுமா? குளுருது."

குறைத்தேன். பிறகு பாட்டு வரிசையைப் பற்றிப் பேசினோம்.